நீடூழியார் தரை போடுகிறார்

'ணங்' என்று பின்னறையில் ஒரு சத்தம். பதறாதீர்கள். யாரும் விழவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. வீட்டுக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கடையில் கேட்டு வாங்கி வந்த மாதிரி டைல்ஸ் ஒன்றின் மேல் போட்டுப் பார்க்கிறார். இதோ, இன்னொரு 'ணங்'. டைல்ஸ் தாங்கவில்லை. கூடத்தில் இருக்கும் அவர் மனைவியும்தான்.

இந்த உயிரினத்துக்கு நான் நீடூழியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். ஒரு பொருள் அழகா, வசதியா என்பதெல்லாம் அவருக்கு அற்பர்களின் கவலை. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: "உழைக்குமா?" செருப்பு வாங்கினாலும் அதைத்தான் கேட்பார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்.

துணி துவைக்கும் அறையின் பழைய சிமெண்ட் தரை, வாஷிங் மெஷின் பிழியும்போது ஆடிய ஆட்டத்தில் பிளந்துபோனது. நீடூழியார் உடனே தரையைப் பெயர்த்தெடுத்து, மெஷினைக் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து குளியலறை வரைக்கும் ஒரு குழாய் படுத்துக் கிடந்தது. அதில் கசிந்த சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்த அவர் மனைவி, பாவம் அந்த அம்மாள், இன்றும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். அவள் என்ன ரத்தினக் கம்பளமா கேட்டாள்? ஈரத்தில் கால் வழுக்காத தரை. அதன் மேல் அவளுடைய மெஷின். அதற்கு மேல் அந்தப் பேதை நெஞ்சு கனவு காணவில்லை.

நீடூழியாரோ கடை கடையாக ஏறி இறங்கினார். வினைல் விரிப்பைச் சாவியால் கீறினார், மரப்பலகை மாதிரி இருந்ததை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு விடிந்ததும் விடியாததுமாக அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார், பளபளப்பான கல்லின் மேல் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் போல நகம் கடித்தபடி காத்திருந்தார். நீங்கள் முதலில் கேட்ட அந்த 'ணங்' சத்தமும் அப்போதையதுதான். எதுவும் தேறவில்லை.

பொறுமையிழந்த கடைக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். "சார், இது மேல யானையே நிக்கும்."

"யானை நிக்கும்ப்பா, சரி. எங்க வீட்டு மெஷின் குதிக்குமே."

கடைசியில் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. இஸ்திரிப்பெட்டிதான் நெளிந்தது. மேஸ்திரி வந்தார், கல்லைப் பதித்தார், ரெண்டு நாள் யாரும் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாளின் கண்ணில் நீர் துளிர்த்தது.

நீடூழியார் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ரெண்டு நாள் போயிற்று. ஈரம் நன்றாகக் காயட்டும் என்றார். காய்ந்தது. கலவை இறுகட்டும் என்றார். இறுகியது. மழைக்காலம் கழியட்டும் என்றார். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். இத்தனை பாடுபட்டுத் தேடிய கல்லைச் சோப்பு நுரையில் நனைப்பதா? மெஷினை அதன் நெஞ்சில் ஏற்றுவதா? வந்த உறவினருக்கெல்லாம் கதவைத் திறந்து, வாசலில் நிற்கவைத்துக் காட்டி, மறுபடி பூட்டினார். கூடத்தில் மெஷின் குதித்தது. குழாய் கசிந்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

போன வாரம் மேஸ்திரி வந்திருந்தார். புது வாடிக்கையாளர்களிடம் காட்ட, தான் போட்ட தரையைப் படம் எடுக்க வேண்டுமாம். நீடூழியார் பெருமையோடு பூட்டைத் திறந்தார்.

"பாருங்க மேஸ்திரி. போட்ட அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு."

"மிதிச்சாத்தானே தேயும்" என்றாள் மனைவி.

கணவர் காதில் அது விழவில்லை. அவள் மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். "போறதுக்கு முன்னாடி இந்த மெஷினை மட்டும் உள்ள தள்ளி விட்டுடுங்கண்ணே. என் கால் தாங்காது."

மேஸ்திரி நீடூழியாரைப் பார்த்தார், அவளுடைய முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார், பிறகு மெஷினைத் தள்ளினார். அது கல்லின் மேல் 'கரகர'வென்று ஏறியபோது, பெற்ற பிள்ளையை யாரோ இழுத்துப் போவது போல நீடூழியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "தூக்கி வைங்க, இழுக்காதீங்க" என்றார். யார் தூக்குவது?

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தானே இருக்கிறது? அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்த நல்ல கோப்பைகளில் நீங்கள் என்றைக்குக் குடிக்கப்போகிறீர்கள்? அந்த 'கரகர' சத்தத்துக்கு உங்கள் பல்லும் லேசாகக் கூசியிருந்தால், ஐயா, அம்மா, கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கூடத்தில் யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மேஸ்திரி விடைபெற்றுப் படியிறங்கினார். அழுக்குத் துணியோடு அந்த அம்மாள் வெறுங்காலுடன் புதுத் தரையில் இறங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.