அடுத்த வீட்டு மூளை

பினாங்கில் பல ரகப் பெரியவர்கள் உண்டு. கோயில் கூட்டத்தில் மைக்கை விடாதவர், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு மார்க் போடுபவர், அடுத்த வீட்டு மருமகனின் சம்பளத்தை அந்த மருமகனைவிடச் சரியாகச் சொல்பவர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பொறுத்துக்கொண்டும் இருப்பீர்கள். நான் சொல்ல வருவது புது ரகம். கடலுக்கு மேல் தீவுக்குப் பாலம் திறந்து சில வருடம் கழித்துத்தான் நம் ஊரில் பரவத் தொடங்கியது. நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் மூளை விளக்குநர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. காலையில் நூலகம் திறக்கும்போதே போய் விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, வெளிநாட்டு விஞ்ஞான சஞ்சிகைகளை ஒரு வரி விடாமல் படித்து, மத்தியானம் அது ஆறுவதற்குள் யார் காதிலாவது ஊற்றிவிட வேண்டும் என்று ஜார்ஜ்டவுனைச் சுற்றி வருபவர். துக்க வீடு என்றால் அவருக்கு உயிர். அங்கே யாரும் பாதியில் எழுந்து போக முடியாது அல்லவா?

எங்கள் பரமநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு என்பது மூளையில் நடக்கும் இரசாயனக் கோளாறு என்று எங்கோ படித்த நாளிலிருந்து அவர் வேறு எதையும் பேசியதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் வாழையிலையில் ரசத்தைத் தொட்டு இரண்டு நரம்பு வரைவார். நடுவில் ஓர் இடைவெளி விடுவார்.

"இந்தப் பக்கம் பட்டர்வொர்த், அந்தப் பக்கம் பினாங்குன்னு வச்சுக்குங்க. நடுவிலே கடல். கடல் தாண்டுற பெரிக் கப்பல்தான் செரட்டோனின். சேதியை ஏத்திக்கிட்டு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போகணும். பெரி குறைஞ்சா என்ன ஆகும்?"

"சோறு ஆறும் அண்ணே" என்பார் பக்கத்து இலைக்காரர்.

பரமநாதன் கவலைப்பட மாட்டார். "புது மாத்திரை என்ன செய்யுது தெரியுமா? வந்த பெரியைத் திரும்ப விடாம அங்கேயே நிறுத்தி வைக்குது. அமெரிக்காக்காரன் மூளையே மூளைலா!"

நியாயமாகச் சொன்னால், இந்த ரகத்தால் ஊருக்கு நன்மையும் உண்டு. பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பீட்டர் திடீரென்று வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டபோது, அவன் மனைவி ரோசலின் மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நம்மவர்தான் போய் அதட்டினார்.

"இதிலே வெக்கப்பட ஒண்ணுமில்லே. சர்க்கரை வியாதி மாதிரி, பிரஷர் மாதிரி. டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ."

"வெளியே தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க அண்ணே?"

"தெரியட்டுமே! படிச்ச ஊர்தானே இது?"

ரோசலின் கூட்டிக்கொண்டு போனாள். பீட்டர் தேறினான். மறு மாதம் பினாங்குத் தமிழர் அனைவருக்கும் பீட்டரின் மூளையில் எந்த இரசாயனம் எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்திருந்தது. பீட்டருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இனி, இந்த ரகத்தின் முக்கியமான குணத்துக்கு வருகிறேன். மூளை என்பது அடுத்த வீட்டில் மட்டும் இருக்கும் உறுப்பு என்பது இவர்கள் நம்பிக்கை.

அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு பரமநாதனின் மனைவி வள்ளிநாயகி மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தாள். காய்கறி வாங்கப் பசார் போவதை நிறுத்தினாள். கோயிலை நிறுத்தினாள். களைந்த அரிசியை மறுபடியும் களைந்துகொண்டு குழாயடியில் நின்றாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துப்போனாள். ஊரெல்லாம் செரட்டோனின் விநியோகம் செய்துவிட்டு வீடு திரும்பிய நம்மவர், அவளைப் பார்த்துச் சொன்ன விளக்கம் ஒரே சொல். வாயு.

ஓமத் தண்ணீர் வந்தது. பெருங்காயம் வந்தது. பூண்டு வந்தது. பாலிக் புலாவிலிருந்து ஜாதிக்காய்த் தைலம் வந்தது. வயிற்றுக்குச் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். வயிறோ ஒரு பாவமும் அறியாதது.

நான் ஆஸ்பத்திரி வார்டில் தாதியாகக் காலம் தள்ளியவள். இப்படிப்பட்ட முகத்தைப் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டேன், நேரடியாகக் கேட்டுவிடுவேன். அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"வள்ளி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அவள் அதிர்ச்சி அடையவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் போலச் சொன்னாள்: "காலையிலே முழிப்பு வராம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது அக்கா. தெனமும் வந்து தொலையுது."

வாசலுக்கு வந்து பரமநாதனைப் பிடித்தேன். "தம்பி, இது நீங்க நடத்துற பாடம்தான். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

"சேச்சே! நம்ம வீட்டிலேயா? வாயு அக்கா, வெறும் வாயு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மகளுக்கு ஆனந்தராஜா வீட்டிலே சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். இந்த நேரத்திலே இது வெளியே தெரிஞ்சா..."

"படிச்ச ஊர்தானே இது?"

யார் காதிலாவது விழுந்ததா என்று அவர் தெருவை எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் பொண்ணோட அம்மா உயிரோட இருக்கணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

முகம் வெளுத்துவிட்டது. சம்மதித்தார். ஆனால் எப்படிச் சம்மதித்தார்? தீவில் எந்த டாக்டரும் ஆகாது; யாராவது பார்த்துவிடுவார்கள். கடல் தாண்டிக் கெப்பாலா பத்தாஸில் ஒரு கிளினிக்குக்கு மனநோய் டாக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை வருகிறாராம், அங்கே போகலாம். பாலத்தில் போகக் கூடாது. தெரிந்தவர்கள் கார் வரும். பெரிதான் பத்திரம். துணைக்கு நானும் வர வேண்டும்.

பெரியில் ஏறி உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில் ஆனந்தராஜா.

சம்பந்தி ஆகப்போகிறவர், இஸ்திரி போட்ட காற்சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையைச் சுங்க அதிகாரி பார்த்திருந்தால் இருவரையும் பிடித்து உள்ளே போட்டிருப்பார்.

"அடடே, எங்கே இந்தப் பக்கம்?"

"சும்மா... கெப்பாலா பத்தாஸிலே அரிசி நல்லா இருக்குன்னாங்க."

"அரிசி வாங்க மூணு பேரா?"

"மூட்டைலா! நீங்க?"

ஆனந்தராஜா கடலைப் பார்த்தார். "வாத்து முட்டை. அங்கே மலிவுலா."

பட்டர்வொர்த்தில் இறங்கினால் இருவருக்கும் ஒரே பஸ். கிளினிக் முன்னால் பஸ் நின்றது. "நீங்க இறங்கலையா?" என்றார் இவர். "இன்னும் கொஞ்சம் தள்ளி. நீங்க?" என்றார் அவர். "நாங்களும் தள்ளித்தான்." எனக்கு முழங்கால் வலி, வள்ளியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். கனவான்கள் இருவரும் கௌரவமாக அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் நடந்து திரும்பி வந்தார்கள். ஒருவர் சாலையின் இந்தப் பக்கம். மற்றவர் அந்தப் பக்கம்.

கிளினிக்கில் இருந்ததோ ஒரே ஒரு வாசல்.

உள்ளே தாதி காமாரியா பெயர் பதிந்துகொண்டிருந்தாள். என்ன நோவு என்று மலாயில் கேட்டாள். வாத்து முட்டைக்காரர் தினசரியை விரித்து முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டார். பரமநாதன் குரலை உயர்த்தி, அந்தத் தினசரிக்குக் கேட்கும்படி, "காத்துதான் மிஸ்ஸி. வயித்திலே காத்து" என்றார், தன் சிறந்த அலுவலக மலாயில்.

"வயித்துக் காத்துக்கு நாளைக்கு வாங்க, அங்கிள். இன்னிக்கு வந்திருக்கிற டாக்டர் மனசுக்கு மட்டும்தான் பார்ப்பாங்க."

நாளைக்கே வருகிறோம் என்று நம்மவர் எழுந்துவிட்டார். உண்மையாகவே எழுந்து, மனைவியின் கையையும் பிடித்துவிட்டார். வந்த வழியே அவளைத் திரும்பவும் அந்தக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிறுத்த அவருக்குச் சம்மதம், அந்தத் தினசரிக்குப் பின்னால் இருப்பவர் ஒன்றும் நினைக்காமல் இருந்தால் சரி. நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளிநாயகி கையை உதறினாள். அடுப்படியில் என்னிடம் சொன்னதைத் தவிர வாரக்கணக்கில் பேசாதவள்.

"மிஸ்ஸி, எனக்குக் காத்து இல்லே. காலையிலே எந்திரிக்கப் பிடிக்கலே, இருக்கவே பிடிக்கலே. இவரு ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுற நோவுதான் எனக்கு. என்னைத் தவிர எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லிட்டாரு."

தினசரி மெல்ல இறங்கியது.

"எனக்கும் அதுதான் சம்பந்தி" என்றார் ஆனந்தராஜா.

சம்பந்தி என்ற அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்கத்தான் பரமநாதன் ஆறு மாதமாக அவர் வீட்டுக்கு மாம்பழமும் டுரியானும் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்படி வரும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார். மெதுவாக உட்கார்ந்தார்.

டாக்டர் சலேஹா இளவயதுப் பெண். நம்மவர் உள்ளே நுழைந்ததும் நரம்பு இடைவெளியைப் பற்றி ஆங்கிலத்தில் தொடங்கினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி காலையிலே எப்போ முழிச்சுக்கிறாங்க?" என்றாள். தெரியவில்லை. "கடைசியா எப்போ நல்லாச் சாப்பிட்டாங்க?" தெரியவில்லை. "எதைச் செஞ்சா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?" அதுவும் எந்தச் சஞ்சிகையிலும் வரவில்லை.

மாத்திரை கொடுத்தாள். முதலில் வாய்தான் உலரும், மனம் தேற மூன்று நான்கு வாரம் ஆகும், தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, அதுவரை தனியாக விடக் கூடாது என்றாள். மாத்திரை மூளைக்குச் சீக்கிரமே போய்விடுகிறதே, பிறகு ஏன் அத்தனை வாரம் என்று நம்மவர் மடக்கினார்.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது அங்கிள். தேடிக்கிட்டிருக்காங்க."

யாருக்கும் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் போனதும், "பார்த்தீங்களா, கேக்கலே" என்று மாத்திரையை நிறுத்தக் கிளம்பினார். வள்ளி கொடுக்கவில்லை, போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தினமும் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் போனபோது, அடுப்படியில் மீன் குழம்புக்குப் புளி போதாது என்று கணவரைத் திட்டும் சத்தம் வாசல்வரை கேட்டது. அப்படியே திரும்பிவிட்டேன். இனி என் வேலை அங்கே இல்லை.

மகள் கல்யாணம் சிறப்பாக நடந்தது. சம்பந்திகள் இருவரும் மாதாமாதம் சேர்ந்து அரிசியும் வாத்து முட்டையும் வாங்கப் போகிறார்கள். பரமநாதன் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? இந்த ரகம் திருந்தாது. போன வாரம்கூட வீட்டுக்கு வந்தவர்களிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், கெப்பாலா பத்தாஸ் பக்கம், அந்தம்மாவுக்கு இதே மாத்திரைதான்..." என்று தொடங்கினார்.

அடுப்படியிலிருந்து வள்ளிநாயகி குரல் வந்தது: "அந்தக் குடும்பத்துக்கு இன்னும் தேத்தண்ணி வேணுமா?"

சிரித்தீர்களா? நல்லது. படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் முகம் வந்திருக்கும். இதைக் கத்தரித்து அவர்களுக்கு அனுப்பலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுந்து உறையைத் தேடுவதற்கு முன் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒருவர் கொஞ்ச காலமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறார் அல்லவா?

அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?