கழற்றி வைத்த இடப்பக்கத்து சீட்

தேவமாதா துணை

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
20 ஆகஸ்ட் 1961, ஞாயிறு

மலாக்காவில் குடும்ப சகிதம் வாழும் மரியாதைக்குரிய மைத்துனர் சவரிநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னம்மாளின் புருஷனும் தங்கள் மருமகள் மதலேனாவின் தகப்பனுமாகிய அற்புதராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். இங்கே நானும் கோழியும் சுகம். எந்தக் கோழி என்று கேட்பீர்கள், பின்னால் சொல்கிறேன்.

தாங்கள் அடித்த தந்தி கிடைத்தது. "மதலேனா வந்து சேர்ந்தாள், கார் நலம்" என்று இருந்தது. மச்சான், கார் நலம் என்று எழுத இடமிருந்த தந்தியில் பெண் நலம் என்று ஒரு வார்த்தைக்கு இடமில்லையா? அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தின் காரியம் வேறு. தாங்கள் தாய்மாமன், தாங்கள் சொன்னால் கேட்பாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நன்றாகத் திட்டி, மலாக்காவில் பள்ளிக்கூட வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, காரோடு இங்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அப்பாவுக்கு உடம்பு மோசம், கஞ்சிகூட இறங்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். இதை எழுதும்போது என் பக்கத்தில் நாலு பரோட்டா இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாம்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு நியாயம் விளங்கும். அவள் கால் தங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது காலை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இரும்புச் சட்டம் மாட்டி நடக்கிறாள். பெரிய பிள்ளை ஆன பிறகும் அன்னம்மாள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், பார்க்கிறவர்கள் சிரித்தாலும் கேட்கமாட்டாள். அன்னம்மாள் போன பிறகு தூக்குகிற வேலை என் தலைக்கு வந்தது. ஆனால் டீச்சராகிவிட்ட பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போக முடியுமா? பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அவள் சட்டக் காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் மணியடித்துவிடுவான், நான் பஸ்ஸோடு ஓடிக்கொண்டே தமிழிலும் மலாயிலும் திட்டுவேன். இப்படி ஒருநாள் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றபோது, "அப்பா, நமக்கு ஒரு கார் வாங்கணும்" என்றாள். "வாங்கலாம், யாரு ஓட்டுறது?" என்றேன். "நான்தான்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்னம்மாளும் அப்படித்தான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் பார்த்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

தெம்பனிஸ் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்குப் பின்னால் ஒரு பழைய மோரிஸ் கார் கிடந்தது. சண்டைக்கு முன்னால் வந்த வண்டி, ஜப்பான்காரன் காலத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனதாம். பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பண்ணைக்காரர் எல்லாக் கோழியையும் விரட்டிவிட்டுத்தான் கொடுத்தார். லாரி பிடித்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சந்தில் நிறுத்தினோம். மதலேனா ஆசையாகக் கதவைத் திறந்தாள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கோழி, வாடகைக்கு வந்த குடித்தனக்காரர் மாதிரி இறங்கிச் சமையல்கட்டுக்குப் போனது. அதுதான் மேலே சொன்ன கோழி.

நான் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் என்பது தங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக ஸ்பானரை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து, எனக்கே ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினைக் கழற்றியது நான். மாட்டியது மதலேனா. நான் மாட்டினால் கடைசியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய நட்டும் போல்ட்டும் மிஞ்சும். "இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்பாள். "கம்பெனிக்காரன் உபரியா வெச்சிருப்பான்" என்பேன். மறுபடியும் கழற்றுவாள். தரையில் சாக்கை விரித்து, சட்டக் காலை நீட்டிப்போட்டு, இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுப்பேன். பழகிய உத்தியோகந்தானே. நான் சொந்தமாகச் செய்து உருப்பட்டது ஒன்றே ஒன்று, முன்னால் இடப்பக்கத்து சீட். தேங்காய் நார் அடைத்து, வீட்டுப் பழைய திரைச்சீலையை அன்னம்மாளின் தையல் மிஷினில் நானே தைத்துப் போட்டேன். கோணலாகத்தான் இருக்கும். அது என் சீட் என்பதால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. அப்புறந்தான் தலைவலி. கியர் மாற்ற இடது காலால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும், மிதிக்காமல் மாற்றினால் இன்ஜின் பன்றி மாதிரிக் கத்தும். மதலேனாவின் வலது கால் குதிரைக் கால். இடது காலுக்கு அந்தப் பெடல் அசையவே இல்லை. முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியோ குட்டி வண்டி. நான் இடப்பக்கம் உட்கார்ந்து, உடம்பை முறுக்கி, என் வலது காலை அவள் பக்கம் நீட்டிப் பெடலில் வைத்து, "எங்கே, இப்ப கியரைப் போடு" என்றேன். வண்டி ஒரு குதி குதித்துப் போனது மச்சான்! ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் இதுதான் எங்கள் வேலை. பந்து விளையாடுகிற பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"அப்பா, கிளட்ச்!"

"அமுக்கிட்டேன்."

"இப்ப விடுங்க. மெதுவா! மெதுவா விடுங்கப்பா, தேளு கடிச்ச மாதிரி எடுக்குறீங்களே!"

"கால் மரத்துப் போச்சும்மா."

"கால் மரத்துப் போறதப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?"

இப்படிச் சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். அன்னம்மாளை அடக்கம் பண்ணிய பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அந்த வண்டிக்குள்தான். போகப் போக அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தோள் லேசாக உயரும், நான் மிதித்துவிடுவேன். எனக்கு உத்தியோகத்தில் கிடைக்காத பெருமையெல்லாம் அந்த வலது காலில் கிடைத்தது. ஆயுசுக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் லைசென்ஸ் பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே. விசாரிக்கப் போன இடத்தில், தகப்பனாரின் கால் உடன் வரலாமா என்று கேட்டேன். அந்த உத்தியோகஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வண்டியை ஒரு ஆள்தான் ஓட்ட வேண்டும் என்றார். அதனால் நானே போய் யாக்கூப்பைப் பிடித்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுகிற என் பழைய சிநேகிதர். மதலேனா சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினாள். கியர் கம்பியின் கழுத்தில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு நீளப் பிடி, அதிலிருந்து ஒரு கம்பி பெடலுக்கு. இடது கையால் பிடியை அழுத்திக்கொண்டே கியரை மாற்றலாம். யாக்கூப் ஞாயிறு தவறாமல் வந்து அறுத்து, வளைத்து, பொருத்திக் கொடுத்துவிட்டார். முதல் நாள் அவள் பிடியை அழுத்தினாள், பழக்கத்தில் நானும் காலை நீட்டி மிதித்தேன். "அப்பா, காலை எடுங்க" என்றாள். எடுத்தேன். எடுத்த காலை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பரீட்சையன்று என்னைச் சாலையோரம் நிறுத்திவிட்டார்கள். வண்டி போகிற இடத்திலெல்லாம் எனக்குக் கால் தானாக அமுங்குகிறது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டியம்மா நான் கரப்பான் பூச்சியை நசுக்குகிறேன் என்று நினைத்துப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துபோனார். மதலேனா பாஸ் பண்ணிவிட்டாள். நானுந்தான், ஆனால் எனக்குத் தாள் கொடுக்கவில்லை.

அப்புறம் வண்டியை மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அன்றைக்குப் பூசைக்கு வந்த சனம் முழுக்க வாசலில் கூடிவிட்டது. சாமியார் வண்டியைச் சுற்றி வந்து கூரையில் தீர்த்தம் தெளித்தார். அதோடு விட்டிருக்கலாம். நான்தான், "சாமி, வெளியே தெளிச்சு என்ன? சீக்கெல்லாம் உள்ளேதான் இருக்கு" என்று பானெட்டைத் தூக்கிவிட்டேன். அவரும் நல்ல மனுஷர், தாராளமாகத் தெளித்தார். போதாது என்று நானும் ஒரு கை அள்ளி ஊற்றினேன். "அப்பா, வேண்டாம்பா!" என்று மதலேனா கத்துவதற்குள் தீர்த்தம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. கரண்டு போகிற இடமெல்லாம் நனைந்து வண்டி செத்துவிட்டது. பாடல் குழு மொத்தமும் பின்னால் நின்று தள்ள, சவ ஊர்வலம் மாதிரி வீடு வந்து சேர்ந்தோம். மதலேனா வழியெல்லாம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். அது வெறும் சிரிப்பு இல்லையென்று வீட்டு வாசலில் கண்ணைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. "அப்பா, மலாக்காவுல வேலை கிடைச்சிருக்கு. மாமாகிட்ட பேசிட்டேன்" என்றாள்.

மச்சான், தாங்கள் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். போகட்டும்.

புறப்படுகிற அன்று காலை குடை, சாப்பாட்டுக் கேரியர், ஜெபமாலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி என் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மதலேனா ஸ்பானரோடு வந்து நின்றாள்.

"அப்பா, இறங்குங்க. சீட்டைக் கழட்டணும்."

"நான் உக்காந்திருக்கேனே."

"அதான் இறங்கச் சொல்றேன். அம்மாவோட தையல் மிஷினை அந்த இடத்துலதான் வைக்கணும்."

"வழியில ஆத்துக்குப் பாலம் இல்ல, வண்டியப் படகுல ஏத்தணும்மா. அந்த நேரம் பார்த்துக் கம்பி அறுந்து போச்சுன்னா?"

"வேற கம்பி வெச்சிருக்கேன்."

"அதுவும் அறுந்தா?"

"அப்பா." ஸ்பானரைக் கை மாற்றிப் பிடித்தாள். "ரெண்டு வயசுலேருந்து யாராச்சும் எனக்கு ஒரு கால் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவை எங்கிட்ட இருக்கறத வெச்சுப் போய்ப் பாக்குறேன்பா."

நான் இறங்கினேன். நட்டைக் கழற்றச் சொல்லி என் கையிலேயே ஸ்பானரைக் கொடுத்தாள். கழற்றுகிற வேலைதான் எனக்கு வருமே. என் சீட்டை நானே தூக்கி வாசலில் வைத்தேன். மிஷினை ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். வண்டி சந்து முனைக்குப் போய்க் கியர் மாறியது. வாசலில் நின்ற என் வலது கால் தரையை அமுக்கியது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மாறியது மச்சான், அவ்வளவு அழகாக நான் மிதித்து ஒருநாளும் மாறினதில்லை.

இப்போது அந்த சீட்டைக் கூடத்தில் போட்டு அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் எழுந்தால் கோழி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கும் பழைய வீட்டு ஞாபகம் போல. சாயங்காலம் ஆனால் யார் வீட்டுக் கார் போனாலும் கால் தானாக அமுங்குகிறது. இந்தக் காலுக்கு இனி என்ன வேலை என்று தாங்களே சொல்லுங்கள். ஆகவே மேற்படி பெண்ணைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திட்டி, வரும் ஞாயிற்றுக்குள் திருப்பி அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தத்தையும் சொல்லவும். சூசையப்பர் தங்கள் குடும்பத்தையும், பின்சக்கரம் இரண்டையும் (பழைய டயர்) காத்து இரட்சிக்கட்டும்.

இப்படிக்கு,
வேலையிழந்த வலது காலும்
மற்றபடி சுகமாயிருக்கும் அற்புதராஜும்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது யாக்கூப் வந்தார். படித்துக் காட்டினேன். தீர்த்தம் ஊற்றின இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடித்ததும், "அவ்வளவு ஆசைன்னா அந்தப் பிடியை ஏன் போடச் சொன்னே லா? நீ காலை நீட்டிக்கிட்டே இருந்திருக்கலாமே, அவளும் திடலையே சுத்திக்கிட்டு இருந்திருப்பா" என்று கேட்டார். நான் பரோட்டாத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். மீதிப் பரோட்டாவையும் அவரே சாப்பிட்டார்.

ஆகையால் மச்சான், மேலே எழுதினது ஒன்றையும் செய்ய வேண்டாம். திட்ட வேண்டாம். அனுப்ப வேண்டாம். உடம்பு மோசம் என்று மறந்தும் சொல்லிவிட வேண்டாம், ராத்திரியானாலும் வண்டியை எடுத்துவிடுவாள். கடிதத்தைக் கிழித்திருப்பேன், இத்தனை இடத்தில் அன்னம்மாள் பெயரை எழுதிவிட்டுக் கிழிக்கக் கை வரவில்லை. யாக்கூப்பின் மைத்துனர் மலாக்காவுக்கு ஓட்டுகிற லாரியில் சீட்டை ஏற்றிவிட்டேன். நட்டு எல்லாம் துணிப்பையில் கட்டியிருக்கிறது, இந்தத் தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. கோழிக்குத்தான் என் மேல் கோபம்.

மிஷினை இறக்கியாகிவிட்டதல்லவா, சீட்டை அந்த இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். சும்மா கிடந்தால் நாரில் பூச்சி விழும், யாராவது உட்காரட்டும். அக்கா உட்காரலாம், தாங்களும் உட்காரலாம். ஆனால் அவள் கியர் மாற்றும்போது ஒருவரும் காலை நீட்டக் கூடாது.