உயிர் காக்கும் அம்புக்குறி

மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றுபவர் டாக்டர் என்று பாமரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் காப்பாற்றுவது வரைபடம். இந்தப் பேருண்மையை அந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்த மகான், நிறுவனக் கட்டமைப்பு நிபுணர். ஊழியர்கள் 'அன்போடு' வைத்த பெயர் அம்புக்குறியார்.

வந்த வேகத்தில் மருத்துவமனை முழுவதையும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து வரவேற்பறையில் நிறுத்தினார். இடம் போதாததால் நோயாளிகளின் நாற்காலிகள் வெளியேற்றப்பட்டன. வரையும்போதுதான் ஒரு பயங்கரம் அவர் கண்ணில் பட்டது. நர்சுகள் நடைவழியில் பேசிக்கொள்கிறார்கள்! "மூணாம் கட்டில்காரருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கல" என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. அறிவு இப்படிக் கேட்பாரற்றுத் திரிவதைக் கண்டு அவருக்கு வயிறு எரிந்தது.

உடனே சுற்றறிக்கை பறந்தது. 'அறிவு நிறுவனத்தின் சொத்து. அது அறிவுப் பிரிவுக்குச் சென்று, சரிபார்க்கப்பட்டு, உரிய அம்புக்குறி வழியாக மட்டுமே வெளியே வரும்.' நடைவழியில் 'வாய்மொழி அறிவு' தடைசெய்யப்பட்டது.

இந்த நிலையில் அவருடைய மனைவிக்கே குடல்வால் அறுவை சிகிச்சை. இரண்டு அறுவை அரங்குகளுக்கும் பொதுவான வாசலில் அம்புக்குறியார் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். மனைவி என்றால் அவருக்கு உயிர். அதில் கேலி எதுவும் இல்லை. அப்போது வார்டு நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார். பழக்கதோஷத்தில் இவர் கையை நீட்டி மறித்தார்.

"எந்த அம்புக்குறியில வர்றீங்க சிஸ்டர்?"

"உள்ள ஒரு பேஷண்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி ஒண்ணு ஆகாது சார். போட்டா தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடும்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. இப்ப அதைத்தான் போடப்போறாங்க."

"அறிவுப் பிரிவுக்கு அனுப்பினீங்களா?"

"நேத்தே அனுப்பிட்டேன். இன்னும் சரிபார்க்கிறாங்களாம்."

"அப்ப பொறுங்க. ஒரு பேஷண்டுக்காக விதியை வளைக்க முடியுமா?"

"அந்தப் பேஷண்ட் உங்க வீட்டம்மா சார்."

 மறுகணம் அம்புக்குறியாரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, "அந்த ஊசி வேண்டாம்" என்று கட்டடம் அதிரக் கத்தினார்.

மனைவி பிழைத்தார். நர்சின் முன்னால் கைகூப்பி நின்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பெரிய மனிதர்களுக்குக் கண்ணீர் வேறு, கடமை வேறு. மனைவியை வீட்டில் கொண்டுபோய் விட்ட கையோடு, அதே நர்சை விசாரணைக்கு அழைத்தார். உறவு பார்க்காத அந்த நேர்மையை எப்படிப் புகழ்வது என்றே தெரியவில்லை.

"வரைபடத்துல இல்லாத வழியில அறிவைக் கொண்டுபோனது தப்புதானே சிஸ்டர்?"

"தப்புதான் சார்."

"இனிமே?"

"இனிமே சரிபார்த்து வர்ற வரைக்கும் நின்ன இடத்தைவிட்டு அசைய மாட்டேன்" என்றார் நர்ஸ். "உள்ள படுத்திருக்கிறது யாரு வீட்டம்மான்னு மட்டும் வரைபடத்துல குறிச்சுக் குடுத்துடுங்க சார்."