மூக்கில் ஒட்டிய காதுத் தோல்

சாவதற்குப் பயப்படுகிறவன் அல்ல நான். டாக்டரும் கத்தியும் நானும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடி துறைமுகத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று மூட்டை எண்ணுகிற வேலை. (எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான் வெள்ளைத்தோல், அவித்த இறால் மாதிரி சிவந்து கிடப்பேன்.) மூக்கோரம் ஒரு சின்னப் புண், மாதக்கணக்காக ஆறவில்லை. மனைவி பிலோமியோ கோபித்துக்கொண்டு புன்னைக்காயலில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் நெத்திலிக் குழம்பைக் கடலில் ஊற்றினால் மீனெல்லாம் கொழும்புக்கு ஓடிவிடும் என்று அவள் அண்ணன் முன்னால் சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது அந்தக் குழம்புக்கே ஏங்கிக் கிடந்தேன்.

புண்ணில் கிள்ளியெடுத்துப் பரிசோதித்த டாக்டர் சொன்னார்: "தோல் புற்றுநோய்தான். ஆனா இந்த வகை ஆளைக் கொல்றது அபூர்வம். வேற இடத்துல சின்னதா இருந்தா சுரண்டிச் சுட்டே விட்டுடலாம். மூக்குங்கிறதால சுத்தி இருக்கிற கொஞ்சம் நல்ல தோலோட சேத்து வெட்டணும். இழுத்துத் தைக்க முடியலன்னா, காதுக்குப் பின்னால தோல் எடுத்து ஒட்டிடுவோம்."

என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்.

நேரே பங்குச்சாமியாரிடம் போனேன். "சாமி, எனக்கு அவஸ்தை பூசிருங்க." (சாகக் கிடக்கிறவனுக்கு எண்ணெய் பூசுகிற சடங்கு.)

"ஏலே, சைக்கிள மிதிச்சு வந்துட்டு அவஸ்தை கேக்குத?"

நச்சரிப்புத் தாங்காமல் பூசிவிட்டார். செய்தி புன்னைக்காயலுக்குப் பறந்தது.

ஆபரேஷன் அன்று மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி, காதுத் தோலை ஒட்டி, கட்டுப் போட்டு வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். காப்பியில் பன்னை முக்கிக்கொண்டிருந்தபோது ஒப்பாரியோடு பிலோமி வந்தாள். பின்னால் அவள் அண்ணன்.

"ஏ மாப்ளே! சவப்பெட்டிக்குச் சொல்லிட்டுல்லா வாரோம்!"

பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த பன்னைப் பிடுங்கினாள். "நீங்க சாவலையா?"

"இல்ல. வீட்டுக்கு வாரியா பிலோமி?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "பெட்டி வேண்டாம்னு சொல்லிட்டு, என் சேலையெல்லாம் எடுத்தாந்திரு."

இன்றும் நான் மூக்கைச் சொறிந்தால், "அப்பாவுக்குக் காது அரிக்குது" என்கிறார்கள் பிள்ளைகள். பிலோமி இப்போது மூத்தவளின் பிரசவத்துக்காக மஸ்கட்டில் இருக்கிறாள். நெத்திலிக் குழம்பை நானே வைக்கிறேன். கொழும்புக்கு ஓட வேண்டியது என் குழம்பைக் கண்ட மீன்கள்தான். நேற்று போனில், "காதோரம் என்னமோ புண்ணு மாதிரி இருக்கு" என்றேன்.

"சைக்கிள எடுத்துட்டு சாமியார்ட்ட போங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "நெசமாவே இருக்கா?"

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.