ஊஞ்சலில் மடங்கிய முட்டி

விருத்தாசலத்தில் மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கொட்டகைக்குத் திடீரென்று யோகம் அடித்தது. சூளை புகைந்த காலத்தில்கூட அதன் வாசலில் அத்தனை கூட்டம் நின்றதில்லை. வேப்பூரிலிருந்து வேன், பக்கத்து மங்களூரிலிருந்து கார், கம்மாபுரத்திலிருந்து டூவீலர். வந்தவர்கள் எல்லாரும் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். வாக்கர் பிடித்து வந்தார்கள். வாக்கர் பிடித்தே திரும்பினார்கள். ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

உள்ளே அருள்பாலித்தவர் முட்டிச் சித்தர். போன வருஷம் வரை வேப்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த கொளஞ்சிதான். இடையில் இமயமலைக்குத் தவம் செய்யப் போனாராம். ரிப்பேருக்குக் கொடுத்த போன்களோடு கடைக்காரர் காணாமல் போனதைத்தான் பக்தர்கள் தவம் என்கிறார்கள் போலிருக்கிறது.

அவருக்குப் பிழைப்புக் கொடுத்தது ஒரு நல்ல ஆப். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி அதை நோயாளியின் போனில் போட்டு வீட்டுக்கு அனுப்பும். போனை முழங்காலுக்குக் கீழே பட்டையால் கட்டிக்கொண்டு காலை மடக்கி நீட்ட வேண்டும். எவ்வளவு மடங்கியது என்று ஆப் அளந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்பிவிடும். தினமும் பஸ் ஏறி அலைய வேண்டாம்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம். போனைத் தொட்டால் திரையில் பழமலைநாதர். சாமி படத்தைக் கொண்டுபோய்க் காலில் கட்டுவதா? போதாக்குறைக்கு, மடக்கினால் உயிர் போகிற வலி. பயமும் வலியும் சேர்ந்தன. கொளஞ்சி கடை விரித்துவிட்டார்.

"சாமிய காலுல கட்டுனா தோஷம். போன எங்கிட்ட குடுத்துட்டு வூட்டுல காலை நீட்டிப் படுங்க. முட்டி தானா மடங்கும்."

கொட்டகை விட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊஞ்சல்கள். ஊஞ்சலுக்கு ஒரு போன். சீடர்கள் ஆட்டிவிடுவார்கள். ஆட ஆட, ஆப் பச்சை விளக்குக் காட்டி, "சபாஷ்! நன்றாக மடக்கினீர்கள்!" என்று பேசும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கைத் தட்டு நிறையும். மடக்கியது யார் என்று கேட்டால், கயிறு!

அங்கே மயங்கியவர்களில் ஒருவர் அமிர்தம். ரிட்டயரான கணக்கு டீச்சர். எதற்கும் விடை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டார், வழிமுறை வேண்டும் என்பார். சித்தரிடம் மட்டும் வழிமுறை கேட்கவில்லை. அவர் கணவர் சக்கரபாணி தினமும் போனைக் கொண்டுபோய் ஊஞ்சலில் ஆட்டி வாங்கி வந்தார்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் ராஜஸ்ரீ அந்த அளவுகளைப் பார்த்து மலைத்துப் போய் போன் செய்தார்.

"டீச்சர், ஆபரேஷன் பண்ணாத என் காலைவிட உங்க காலு நல்லா மடங்குதே. எப்படிங்க?"

"எல்லாம் சித்தர் அருளும்மா."

ராஜஸ்ரீக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாளே வீட்டுக்கு வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கட்டை போலக் கிடந்தது.

"இப்படியே வுட்டா உள்ள இறுகிப்போயிடும்ங்க. அப்புறம் மறுபடி மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்கணும். அப்பவும் முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

அமிர்தம் விரல்விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். புதுச்சேரியில் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் வீடு மாடியில். படி ஏற முடியாவிட்டால் பேரக்குழந்தையை வீடியோ காலில்தான் கொஞ்ச வேண்டும். ஆனாலும் பாருங்கள், அந்த வாய் என்ன சொன்னது?

"சித்தர் அப்படியெல்லாம் ஆவாதுன்னாரே!"

"சரிங்க, அவரையே கேட்டுடலாம் வாங்க."

மூவரும் கொட்டகைக்குப் போனார்கள்; வழியில் சக்கரபாணி ஊஞ்சல் கதையைச் சொல்ல, ராஜஸ்ரீ ஒரு கடையில் எதையோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ராஜஸ்ரீ தன் போனில் இருந்த அதே ஆப்பில் புதிதாக ஒரு நோயாளியின் பெயரைப் பதிந்து சித்தரிடம் நீட்டினார்.

"ஒரு போலீஸ்காரருங்க. காலை மடக்கவே மாட்டேங்கிறாரு."

போலீஸ் என்றதும் சித்தர் விபூதியைக் கூடுதலாகவே தூவினார். ஊஞ்சல் ஆடியது. ஆப் "சபாஷ்!" என்றது.

"மடங்கிடுச்சு! போயி அவரப் பாருங்க, வில்லு மாதிரி வளையுது."

"எங்கயும் போவ வேணாம்ங்க. பையிலதான் இருக்காரு."

ராஜஸ்ரீ பையிலிருந்து எடுத்து வைத்தது கொலுவுக்கு விற்கும் பீங்கான் போலீஸ் பொம்மை. விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டு நின்றது.

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சித்தர் அசரவில்லை. "என் அருளு பீங்கானுக்கும் பாயும்!" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் கும்பிட்டார்கள். எதைத்தான் கும்பிட மாட்டோம் நாம்!

"அப்ப மடக்கிக் காட்டுங்க."

சித்தர் பொம்மையை வாங்கினார். முணுமுணுத்தார். அழுத்தினார். படக்! போலீஸ்காரரின் கால் அவர் கையோடு வந்துவிட்டது.

"டீச்சர் காலையும் இப்படித்தான் மடக்குவீங்களா?" என்றார் ராஜஸ்ரீ.

ஊஞ்சல்களிலிருந்து போன்கள் மளமளவென்று பிடுங்கப்பட்டன. சக்கரபாணி காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு துரத்த, கொளஞ்சி பின்சுவரில் தாவி ஏறினார். அந்தக் கொட்டகைக்கு வந்த முட்டிகளிலேயே அருமையாக மடங்கியது அவருடைய முட்டிதான்.

"இருந்தாலும் சாமி படம் இருக்குதேம்மா, எப்படிக் காலுல கட்டுறது?" என்று இழுத்தார் அமிர்தம்.

ராஜஸ்ரீ போனை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். திரையில் பழமலைநாதர் போய் ரோஜாப்பூ வந்தது.

"இவ்வளவுதானா?" என்று வாயைப் பிளந்தார் கணக்கு டீச்சர்.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினார்கள். அமிர்தம் பல்லைக் கடித்து மடக்கினார். "அய்யோ!" என்று அலறினார். "கொஞ்சம்தான் மடங்கியது. மீண்டும் முயலுங்கள்" என்றது ஆப். அந்தப் போன் அந்தக் கொட்டகையில் சொன்ன முதல் உண்மை. அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மடக்கினார்.

முட்டி தேய்ந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆயிரம் பேர். மூளை தேய்ந்து யாரும் வந்ததாகக் கேள்வியே இல்லை. பயன்படுத்தினால்தானே தேயும்! பயப்படாமல் கொஞ்சம் தேயுங்கள், ஐயா.