கத்ரி வீட்டுக்காரர்

சித்திரபுரம் தபாலாபீசில் தபால்தலை வாங்க நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“இந்த ஆளை எங்கேயோ பாத்திருக்கேன்.”

“போன வாரம் பத்திரிகையில கோழியைக் கக்கத்துல இடுக்கிட்டு ஒருத்தன் ஓடுவானே?”

“ஆமா! அதே மூக்கு! ஆளு யாரு?”

“பேரு தெரியாது. படம் போடுத அம்மா இருக்காகல்லா? அவுக வீட்டுக்காரரு.”

என் பெயர் ஏசுரத்தினம். கீழே பள்ளிவாசல் மின்நிலையத்து ஸ்டோரில் குமாஸ்தா. ஒரு பல்பு வெளியே போக வேண்டுமென்றாலும் என் கையெழுத்து வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ஊரில் பெயர் இல்லை. மூக்கு மட்டும் இருக்கிறது.

படம் போடுகிற அம்மா என் மனைவி கத்தரீனாள். பெயரைக் கத்தரித்து ‘கத்ரி’ என்று படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவாள். சென்னைப் பத்திரிகைக் கதைகளுக்கு இங்கிருந்தே படம் வரைந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, தபாலில் அனுப்புவாள். கதையில் கெட்டவன் வந்தால் என்னைக் கூப்பிடுவாள். “கொஞ்சம் முறைச்சாப்ல நில்லுங்க” என்பாள். இதுவரை நான் ஏழு தடவை திருடன், மூன்று தடவை கொடுமைக்கார மாமனார், ஒரு தடவை பிணம். கோழித் திருடனுக்காகப் பக்கத்து வீட்டுக் கோழியை அரைமணி நேரம் இடுக்கிக்கொண்டு நின்றேன். கோழி என் சட்டையில் செய்ததைப் பத்திரிகை போடவில்லை.

தபாலாபீசிலிருந்து வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த உலகம் ஏசுரத்தினத்தை அறிய வேண்டும். நல்லவனாக அறிய வேண்டும்.

கையில் அன்றைய தபால் இருந்தது. கத்தரீனாளுக்குப் பத்திரிகை ஆசிரியர் எழுதிய கடிதம். அதில் இரண்டு விஷயம். ஒன்று, தீபாவளி மலரில் ‘நம் ஓவியர்’ என்று ஒரு பக்கம் வரப்போகிறது. இத்துடன் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பவும். இரண்டு, மலருக்கு அடுத்த மாதம் ஒரு தொடர்கதை தொடங்குகிறது. ஒரு வருஷம், வாரம் மூன்று படம். தினமும் அதற்கு நேரம் ஒதுக்க இயலுமா என்று தெரிவிக்கவும்.

கத்தரீனாள் இரண்டாவது விஷயத்தை இரண்டு தடவை படித்தாள். கடிதத்தை மடித்தாள். பிரித்து மறுபடி படித்தாள். ஆறு வருஷமாகத் துணுக்குக்கும் சிறுகதைக்கும் படம் போடுகிறவளுக்குத் தொடர்கதை என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். எங்கள் ஸ்டோரில் குமாஸ்தா சூப்பரின்டெண்ட் ஆவது மாதிரி.

“எனக்குக் காலையில ஆறு மணியிலேருந்து எட்டரை வரைக்கும் கிடைச்சாப் போதும்ங்க. செஞ்சிருவேன்” என்றாள்.

“ஆறிலேருந்து எட்டரையா? அப்பத்தானே இட்லி? வெந்நீர்? என் சோத்துப் பாத்திரம்?”

“அப்பத்தான் வெளிச்சமும் இருக்கு.”

அது உண்மை. எங்கள் மலையில் எட்டரைக்கு மேல் மஞ்சு மூட்டம் இறங்கிவிடும். சன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் மை வைத்தால் கையின் நிழல் தாளில் விழுகிறது, கண் எரிகிறது என்பாள். எங்கள் மின்நிலையத்து மின்சாரம் மதராஸ் வரை போனாலும் போகும். மலைமேல் என் மனைவிக்கு வெளிச்சப் பஞ்சம்.

“சாயந்தரம் வரையேன்” என்றேன்.

“சாயந்தரம் மழை.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை பூசை. அப்புறம் உங்களுக்குக் கறிக்கொழம்பு.”

“அப்ப முடியாதுன்னு எழுதிரு.”

“யோசிச்சு எழுதுதேன்” என்றாள். பேனாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு இட்லிக்கு ஆட்டப் போனாள். குழவி அன்று வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றியது.

எனக்கு மனம் கேட்கவில்லை. முதல் விஷயத்திலாவது உதவலாம் என்று நினைத்தேன். “அந்தக் கேள்வித்தாளை என்கிட்ட குடு. நான் எழுதுதேன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எழுதுங்க” என்றாள்.

மூன்று நாள் எழுதினேன். ஸ்டோரில் எழுதினேன், பஸ்ஸில் எழுதினேன், பூசையில் பிரசங்கத்தின்போதும் எழுதினேன். நாலாம் நாள் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு மாமியாருக்குக் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள். படத்தில்தான்.

“முதல் கேள்வி. ஓவியத் துறைக்கு வந்தது எப்படி? பதில்: என் திறமையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர் திரு. ஏசுரத்தினம் அவர்கள்.”

“பாளையங்கோட்டை கான்வென்டுல படம் வரையச் சொல்லிக் குடுத்த மதரு?”

“அவுகளைத் தெய்வம் பாத்துக்கும்.”

“குமுளி கமால் ராவுத்தர்? ஏலக்காய் டப்பாவுக்கு யானை போட்டுத் தாம்மான்னு முதமுதல்ல வேலை குடுத்தாரே?”

“யானையை ஒரு வரியில சேத்திருக்கேன்.”

“கல்யாணமான புதுசுல நான் வரைஞ்ச தாளையெல்லாம் நீங்க டப்பாவுக்கு அடியில விரிச்சது?”

“பாதுகாத்து வைத்தார்னு எழுதியிருக்கேன். அடியிலன்னு எழுதலை.”

அவள் கொண்டைக்கு ஒரு ஊசி செருகினாள். “மேலே வாசிங்க.”

“பிடித்த உணவு: பாதாம் அல்வா.”

“பாதாமை நான் எங்க பாத்தேன்? எனக்குப் பிடிச்சது மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுக் கொழம்பும்.”

“ஏளா, கலைஞர் கருவாடு திங்கலாமா? படிக்கிறவுகளுக்கு மணக்குமே! பிடித்த பானம்: தேயிலைத் தோட்டங்களின் நடுவே வாழ்வதால் தேநீர்.”

“கருப்பட்டிக் காப்பி. அதை மாத்துங்க. அது ஒண்ணையாவது நெசமா விடுங்க.”

மாற்றினேன். காரணம், அடுத்த பதிலில் எனக்கும் காப்பி தேவைப்பட்டது. அதுதான் என் சிகரம். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அன்றாட அலுவல்கள்? பதில்: தினமும் காலை ஐந்து மணிக்கு என் கணவர் எழுந்து, தம் கையாலேயே அடுப்பு மூட்டி, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து என்னை எழுப்புவார். ஆறு மணி முதல் எட்டரை மணி வரை நான் வரைவதற்கான நேரம். அப்போது சமையலறைப் பக்கம் நான் தலைகாட்ட அவர் அனுமதிப்பதேயில்லை.”

பேனா நின்றது.

“இதை எழுதணுமா?”

“எழுதணும்.”

“அப்படியேவா?”

“ஒரு எழுத்து குறையக் கூடாது.”

“பின்னால வருத்தப்பட மாட்டீங்களே?”

“நான் ஏன் வருத்தப்படுதேன்? மதராஸ்ல இருக்கவன் நம்ம அடுப்பை எட்டியா பாக்கப் போறான்?”

மூன்று தடவை கேட்டாள். ஏசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த இராயப்பருக்காவது சேவல் கூவி உண்மையை உணர்த்தியது. பக்கத்து வீட்டு அன்னமேரியின் சேவல் அன்று வாயைத் திறக்கவில்லை. கத்தரீனாள் தாளின் அடியில் ‘கத்ரி’ என்று கையெழுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

“கவரை நானே ஒட்டி அனுப்பிக்கிடுதேன்” என்றாள்.

தீபாவளி மலர் மூணாறு பஸ்ஸில் வந்தது. முப்பத்தியிரண்டாம் பக்கம். என் எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை. பதில்களுக்கு நடுவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம் மட்டும் கூடியிருந்தது. தலையில் துண்டு கட்டி, கைலியை மடித்துக் கட்டி, அடுப்பின் முன் குத்த வைத்து ஊதுகுழலால் ஊதுகிறான் ஒருவன். கன்னம் இரண்டும் பலூன். மூக்கு என் மூக்கு. கீழே, ‘திரு. ஏசுரத்தினம் அவர்கள். வரைந்தவர்: கத்ரி.’

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மூக்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது! ஆபீசுக்குப் போகிற வழியில் மூன்று பெண்கள் வேலியருகே வந்து வணக்கம் சொன்னார்கள். ஓவர்சியர் வீட்டு அம்மாள் மலையாளத்தில் என்னைப் புகழ்ந்து, என்னைச் சுட்டிக்காட்டியே ஓவர்சியரைத் திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு புனிதர் மாதிரி நடந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சூசையப்பன் வந்தார். லைன் போர்மேன். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஆள். தரையில் அன்று நிற்க முடியாமல் குதித்தார்.

“வே ஏசுரத்தினம்! எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீரே! இன்னைக்கு எனக்கு காப்பியே இல்லை தெரியுமா? ‘அண்ணாச்சி போடுதாகல்லா, நீங்களும் போட்டுக் குடியுங்க’ன்னு சொல்லிட்டா!”

அவர் பின்னாலேயே அவர் மனைவி அன்னமேரி வந்தாள். கையில் மலர்.

“நீங்க சும்மா இருங்க” என்று புருஷனை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினாள். “அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். எங்க அடுப்படி சன்னலைத் திறந்தா உங்க புகைக்கூண்டுதான் தெரியும். அஞ்சு மணிக்குப் புகை வரத்தான் செய்யுது. ஆனா மதினி இருமுத சத்தம்லா கேக்கும்?”

“அது… நான் மெதுவா இருமுவேன்.”

“பொம்பளைக் குரல்லயா?”

“ஏளா, அப்படிக் கேளு!” என்றார் சூசையப்பன். அவருக்கு உயிர் வந்துவிட்டது.

“நாளைக்கு அஞ்சு மணிக்குச் சன்னல்ல நிப்பேன்” என்றாள் அன்னமேரி. “ஓவர்சியர் வீட்டு அம்மாவும் வாறேன்னு சொல்லியிருக்காக. நீங்க அடுப்புப் பத்த வைக்கிறதை நாங்க கண்ணால பாக்கணும். அண்ணாச்சியைப் பொய்யருன்னு ஊரு சொல்லிரக் கூடாது பாருங்க.”

அவர்கள் போனதும் உள்ளே போனேன். கத்தரீனாள் புதுத் தாள்களைப் பலகையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“தொடர்கதைக்கு.”

“முடியாதுன்னு எழுதலையா?”

மலரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த மாதம் முதல் தொடர்கதை. ஓவியம்: கத்ரி. கொட்டை எழுத்து.

“எப்படிளா? நேரம் இருக்கான்னு கேட்டாரே! நீ என்ன பதில் எழுதின?”

“நான் ஒண்ணுமே எழுதலைங்க. நீங்க எழுதினதைத்தான் அனுப்பினேன். ஆறு முதல் எட்டரை வரைன்னு அதுலயே இருந்துச்சே. தனியா ஒரு கடிதாசி எதுக்குன்னு விட்டுட்டேன்.” ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். “ஆசிரியர் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்காரு. பேரைப் போட்டே.”

படித்தேன். ‘தங்கள் கணவர் திரு. ஏசுரத்தினம் அவர்களுக்கு எங்கள் நன்றி. அவருடைய தியாகத்தை நம்பியே இப்பொறுப்பைத் தங்களிடம் ஒப்படைக்கிறோம்.’

தியாகம் என்ற சொல் அவ்வளவு பெரிதாக அச்சில்கூட நான் பார்த்ததில்லை.

“இது சரியில்லை” என்றேன். “நான் சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினேன்.”

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். கோபமில்லை. குரல் தணிந்துதான் இருந்தது.

“அப்ப மறுப்பு எழுதிரட்டா? ‘அன்புள்ள ஆசிரியருக்கு, என் கணவர் காப்பி போட மாட்டார். அது அவரே எழுதிக்கிட்டது. தொடர்கதையும் வேண்டாம்’னு. அடுத்த இதழ்லயே போட்டுருவாக. சொல்லுங்க, இப்பவே எழுதுதேன்.”

நிஜமாகவே மைக்கூட்டைத் திறந்தாள். பேனாவை முக்கினாள். ‘அன்புள்ள’ என்று எழுதியும்விட்டாள். அதற்குமேல் எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிப்பின் நுனியில் ஒரு சொட்டு மை விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தாளில் அவளுடைய ஒரு வருஷம் இருந்தது. என்னுடைய ஒரு நாள் புகழும் இருந்தது.

“கருப்பட்டி எந்த டப்பாவுல இருக்கு?” என்று கேட்டேன்.

“யானை போட்ட டப்பாவுல” என்றாள். பேனாவைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அன்னமேரியின் சேவல் கூவியது. எதிர்ச் சன்னலில் இரண்டு தலை. மூன்றாவதாக, தூக்கம் கலையாத சூசையப்பன் தலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஈர விறகு. ஊதினேன். புகை வந்தது. இருமினேன், ஆண் குரலில், பக்கத்து வீடு வரை கேட்கும்படி. முதல் காப்பியில் கருப்பட்டி கரையவில்லை. இரண்டாவது காப்பி பொங்கி அடுப்பை அணைத்தது. மூன்றாவதைக் கொண்டுபோய் அவளை எழுப்பினேன். ஒரு வாய் குடித்து என்னைப் பார்த்தாள். முழுவதும் குடித்தாள்.

இட்லிக்காகத் திரும்ப அடுப்பு மூட்டும்போது ஆறு மணி. சன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்து அடுப்படியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அடுப்படி வாசலில் முக்காலி போட்டு, மடியில் பலகையை வைத்து, கத்தரீனாள் உட்கார்ந்திருந்தாள்.

“இங்க தலைகாட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கேனே?”

“தலையைக் காட்டலை. வாசல்லதான் இருக்கேன். முதல் அத்தியாயத்துக்கு ஆள் வேணும்.”

தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டேன். தொடர்கதையின் முதல் அத்தியாயம்!

“கதாநாயகனா?”

“சமையக்காரன்.”

“கதாநாயகன் எப்ப வாறான்?”

“அவன் வாறதுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. குழலைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க, மூக்கை மறைக்குது.”

இறக்கிப் பிடித்தேன்.