ஐயோவா அண்ணையின் சுற்றுலாத் திட்டம்

லண்டனிலிருந்து அமெரிக்கா போகிற தமிழர் ஒருவர் நயாகராவைப் பார்க்காமல் திரும்பினால், அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணமாக இருக்க முடியும். தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்கிற பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ஐயோவா அண்ணை.

அமெரிக்காவின் நடுவில், சோளக்காட்டுக்கும் நடுவில், ஐயோவா என்று ஒரு மாநிலம். அதில் ஆற்றங்கரையோரமாக ஒரு சின்ன நகரம். அங்கே அவருடைய தங்கை இருந்தார். அண்ணை அங்கே போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. உலகத்தில் பார்க்கத் தகுந்த ஊர் அது ஒன்றுதான் என்று அதற்குப் பிறகு சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாரிஸ் போய் வந்தவர்களைப் பார்த்தால் அனுதாபப்படுவார்.

நான் அவரிடம் கார் பழகியவன். கோயம்புத்தூரில் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறேன் என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னேன். "அதை மறந்திட்டு வாங்கோ," என்றார்.

பாடம் இப்படித்தான் நடக்கும். "மிரரைப் பாருங்கோ. சிக்னல் போடுங்கோ. தம்பி, அங்க ஒரு கார் பார்க் கிடக்கு."

"எங்கண்ணே?" பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் கை வைத்தார்.

"இங்க இல்லை. ஐயோவாவில. நாலு மாடி. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ. மேல நிண்டால் ஆறு முழுக்கத் தெரியும். கட்டாயம் பாக்கவேணும்."

கார் பார்க்கோடு முடிந்துவிடாது. கோர்ட் கட்டடத்தில் ஒரு பெரிய கடிகாரம்; அண்ணை பாஷையில் மணிக்கூடு. சோளம் கொட்டி வைக்கும் கோபுரம். குன்றின் மேல் ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கிவிடும் ஒரு குட்டி ரயில். சனிக்கிழமைச் சந்தையில் தேன் விற்கும் கிழவர். அந்தக் கிழவரின் வர்ணனை முடியாததால் ஒரு ரவுண்டபவுட்டை நான் தேவைக்கு மேல் சுற்றியிருக்கிறேன்.

லண்டனின் இன்னொரு மூலையில், ஹரோவில் ஒரு டாக்டர் தம்பதி. திருமண வெள்ளிவிழாவுக்கு நயாகரா போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி கேள்விப்பட்டு அண்ணை அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார். "தண்ணி மேல இருந்து கீழ விழுறதைப் பாக்க அவ்வளவு தூரம் போறியளோ?" என்று கேட்டார். நயாகராவை விட்டுவிட்டு ஐயோவா போனார்கள்.

திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று விசாரித்தேன். "அந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல சார்," என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்து, "ஆனா நல்லா சாப்பிட்டோம்," என்றார். போன எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்தும் வந்தார்கள். அந்த ஊர் நகரசபை அண்ணைக்குக் கமிஷன் கொடுக்கிறது என்று மிச்சம் தமிழர்களிடையே ஒரு பேச்சு இருந்தது.

எனக்கு லைசென்ஸ் வந்த கையோடு ஆபீஸ் என்னைச் சிக்காகோவுக்கு அனுப்பியது. மனைவியும் வருகிறாள், வேலை முடிந்ததும் நாலு நாள் லீவு. இதை அண்ணையிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"சிக்காகோவில என்ன பாக்கப் போறியள்?"

"உயரமான கட்டடமெல்லாம் இருக்காம் அண்ணே."

"கழுத்து நோகும்," என்றார்.

மறுநாள் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். ஒடியல் மா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைக் கரைத்து, நண்டு, இறால், மீன், பயற்றங்காய் எல்லாம் போட்டுக் காரசாரமாகக் காய்ச்சுவதற்குப் பெயர்தான் கூழ். நம் கேழ்வரகுக் கூழை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் மூக்கில் தண்ணீர் வந்துவிடும்.

"தங்கச்சியின்ர மனுசன் செத்தாப் பிறகு அவள் தனக்கெண்டு கூழ் காய்ச்சிறேல்லை தம்பி," என்றார் அண்ணை. "ஒராளுக்குக் கூழ் காய்ச்சேலாது. பெரிய பானை வைக்கவேணும், சுத்திவர ஆக்கள் இருந்து குடிக்கவேணும். தனிய எண்டால் ரெண்டு துண்டு பேக்கரிப் பாணைத் தின்னுட்டுப் படுத்திடுவாள். இங்க வா எண்டாலும் வரமாட்டாள். நான் போவம் எண்டால், காலில ரத்தக்கட்டி. பிளேன் ஏறக்கூடாது எண்டு டொக்டர் மறிச்சிட்டார். அதுதான் ஆக்களை அனுப்புறன்."

"அப்ப, தங்கச்சியப் போய்ப் பாருங்கன்னு நேராவே சொல்லலாமேண்ணே?"

"சொன்னால் பாவம் பாத்துப் போவினம். பாவம் பாத்து வாற ஆக்களை அவளுக்குக் கண்ணிலயும் காட்டேலாது. ஊர் பாக்கப் போனால்தான் விருந்தாளி." அந்த மணிக்கூட்டை மறந்துவிட வேண்டாம் என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

இறங்கிய விமான நிலையத்தில் பொட்டலத்தைக் காட்டி இது என்ன என்றார்கள். நான் பனைமரத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒரு அதிகாரி இரண்டு அதிகாரிகள் ஆனார். பிறகு ஒரு நாய் வந்தது. முகர்ந்தது, தும்மியது, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாய் விட்டுவிட்டது, அதிகாரிகள் விடவில்லை. மாவு குப்பைக்குப் போனது.

"இனி அந்த அண்ணன் முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி. வேலை முடிந்து சிக்காகோவிலிருந்து கிளம்பி, இரண்டு பக்கமும் சோளத்தைப் பார்த்தபடி ஓட்டினேன். வழி முழுக்க இதே கவலை. வெறுங்கையோடு போய் நின்றால் பானை எப்படி அடுப்பில் ஏறும்?

அண்ணையின் தங்கை, எங்களுக்கு அக்கா, வாசலில் நின்றுகொண்டிருந்தார். சின்ன உருவம், பெரிய ஸ்வெட்டர். முதல் வேலையாக மாவு போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சமையலறை அலமாரியைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒடியல் மா. அண்ணை அனுப்பிய சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தது.

"மா கிடக்கு தம்பி," என்றார். "ஆக்கள்தான் இல்லை. நீங்கள் எத்தினை பேர்?"

"ரெண்டே பேர்தான் அக்கா."

"காணாது, இன்னும் ஆக்கள் வேணும்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

மத்தியானம் பானை இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காபிக் கோப்பையில் கூழை வாங்கிக் குடித்து, முகம் தக்காளியாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைத் திரும்ப நீட்டினார். எல்லோருக்கும் ஊற்றிய பிறகு அக்கா தனக்கும் ஊற்றிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அண்ணே இந்த ஊரைப் பத்திப் பேசாத நாள் இல்ல அக்கா," என்றேன்.

நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவரோ? அவருக்கு இந்த ஊரில ஒண்டும் பிடிக்கேல்லை. என்ர மனுசன்ர செத்தவீட்டுக்கு வந்து நிண்ட நாள் முழுக்க, குளிர் எண்டு புறுபுறுத்தபடிதான் இருந்தவர்."

சாப்பிட்டதும் எங்களுக்கு ஊர் காட்டக் கூட்டிப் போனார். கார் பார்க் நிஜமாகவே நாலு மாடி. மேலே நின்றால் ஆறும் தெரிந்தது. அங்கிருந்தே அண்ணைக்குப் போன் போட்டேன். லண்டனில் இருட்டிய பிறகும் யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கூழ் காய்ச்சினவளோ?"

"ஆமாண்ணே."

"தானும் குடிச்சவளோ?"

"ரெண்டு கோப்பை."

போனில் இன்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கார் எந்தப் பக்கமும் திரும்பவில்லை போலிருக்கிறது.

"நாளைக்கு என்ன செய்யப் போறியள்?" என்றார் கடைசியில்.

"சிக்காகோ திரும்பணும் அண்ணே. ஓட்டல் போட்டாச்சு."

"ஓம், ஓம். போகத்தானே வேணும்." பிறகு, "பானையில இன்னும் கிடக்குமே," என்றார்.

ஓட்டலை ரத்து செய்தேன். தங்கைக்காகப் பிடிக்காத ஊரை இத்தனை பிரியமாகப் புகழ்கிற மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.